அகாய் எம்பிசி 2000எக்ஸ்எல்: ஸ்விங்கை நம்பி வாங்கினேன், வேறு எதற்கோ வைத்திருக்கிறேன்

மூன்று வருடம் முன்பு அகாய் எம்பிசி 2000எக்ஸ்எல் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பதினாறு ஃபிளாப்பி டிஸ்க்குகளும் வந்தன, பாதிக்கு மேல் லேபிளே கிடையாது. விற்றவர் "எல்லாம் வேலை செய்யுது" என்றார், நானும் தலையாட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த "எல்லாம்" என்பதற்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்க அப்போது தோன்றவில்லை. வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான், ஸ்விங், அதாவது தாளத்தில் சில அடிகளை லேசாகத் தள்ளி விழ வைத்து ஆட வைக்கிற வசதி. கணினியில் எவ்வளவு முட்டி மோதினாலும் வராத ஓர் ஆட்டம் இந்தப் பெட்டியில் தானாக வந்துவிடும் என்று பீட் செய்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு நானும் அதை நம்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வெளியிலிருந்து ஒலியை உள்ளே பதிந்து, நறுக்கி, பதினாறு ரப்பர் பேட்களில் பரப்பி, விரலால் தட்டி வாசித்து, வாசித்ததையெல்லாம் வரிசையாகக் கோத்து ஒரு முழுப் பாட்டாகக் கட்டுகிற பெட்டி இது. கணினி வேண்டாம். இந்த வம்சத்தின் மூத்தது 1988இல் வந்த எம்பிசி60, அதை அகாய்க்காக வடிவமைத்தவர் ராஜர் லின். நிஜமான டிரம் ஒலிகளைப் பதிந்து வைத்திருந்த முதல் டிரம் மெஷினான எல்எம்-1ஐ 1980இல் செய்தவரும் அவர்தான். 1994இல் எம்பிசி3000 வந்தது, அவர் கை பட்டது அதோடு சரி. 1997இல் வந்த 2000, அதைத் திருத்தி அந்தப் பத்தாண்டின் கடைசியில் விட்ட இந்த எக்ஸ்எல், இரண்டுமே அவர் இல்லாமல் வந்தவை. அதனாலேயே இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிலர் இதைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஏளனம் இல்லை, ஆனால் ஸ்விங் விஷயத்தில் நான் ஏமாந்தது உண்மை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த எம்பிசி நேரத்தை அளக்கிற மிகச் சிறிய அலகு டிக், தாளத்தின் ஒரு தட்டு என்பது 96 டிக். அதாவது பதினாறாம் பாக நோட் ஒவ்வொன்றுக்கும் 24 டிக். ஸ்விங் 50 சதவீதம் என்றால் அடுத்தடுத்த இரண்டு நோட்டும் 48 டிக்கைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். 66க்கு ஏற்றினால் முதல் நோட்டுக்கு 32 டிக், இரண்டாவதுக்கு மிச்சம் 16, கிட்டத்தட்ட மூன்றாகப் பிரித்த நடை. நடுவில் 54, 58 என்று வைக்கும்போதுதான் எல்லோரும் சொல்கிற அந்தத் தள்ளாட்டம் வரும். 58 வைத்தால் இரண்டாவது நோட் நான்கு டிக் பின்னால் போய் உட்காரும், டெம்போ 90இல், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டில், ஒரு டிக் ஏறக்குறைய 7 மில்லி செகண்ட், ஆக மொத்தம் 28 மில்லி செகண்ட் தாமதம். அவ்வளவுதான் சமாச்சாரம். ஒவ்வொரு இரண்டாவது நோட்டும் கொஞ்சம் தாமதம் என்பதைத் தவிர ஸ்விங்கில் வேறு மாயம் எதுவும் இல்லை என்று ராஜர் லின்னே பேட்டியில் விளக்கியிருக்கிறார்.

நான் படித்ததோடு விடவில்லை. டிரம் ஒலிகளில் அதே கிக், அதே ஸ்னேர், அதே ஹைஹேட்டை எம்பிசியிலும் கணினியிலும் போட்டு, இரண்டிலும் 58 வைத்து, எம்பிசியின் வெளியீட்டைக் கணினியில் பதிந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். அலைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் எழுந்து ஒரே இடத்தில் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டேன், எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் ஏங்கினோம் என்று.

ஆனால் அந்த டப்பா இருந்ததே. முன்பு இதை வைத்திருந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, விற்றவரும் அவர் இல்லை, அவருக்கும் யாரிடமிருந்தோ வந்ததுதான். லேபிள் இல்லாத ஒரு டிஸ்கை ஏற்றினேன், நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) அளவுக்கு ஒரு பீட் ஓடியது: கிக், ஸ்னேர், ஹைஹேட், ஒரு தடிமனான பேஸ், அவ்வளவே. அப்படியொரு ஆட்டம். தலை தானாக ஆடுகிறது, நிறுத்த மனசு வரவில்லை. இதோ, இதுதான் எல்லோரும் சொன்ன ஸ்விங் என்று நினைத்துக்கொண்டு, எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஸ்டெப் எடிட் திரையைத் திறந்தேன். அங்கே ஒவ்வொரு அடியும் எந்த பாரில், எத்தனையாவது தட்டில், எத்தனையாவது டிக்கில் விழுந்தது என்று எண்ணாகவே தெரியும். ஸ்விங் கிடையவே கிடையாது. வாசித்த அடிகளைத் தானாகச் சரியான இடத்துக்கு நகர்த்துகிற டைமிங் கரெக்டை அணைத்துவிட்டு வாசித்திருக்கிறார். ஸ்னேர் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் எப்போதும் இரண்டோ மூன்றோ டிக் தள்ளித் தள்ளி விழுகிறது, ஒருமுறைகூடச் சரியாகத் தட்டில் இல்லை. ஹைஹேட் சில இடத்தில் முந்துகிறது, சில இடத்தில் சோம்புகிறது. கிக் மட்டும் கல் மாதிரி. அந்த ஆட்டம் மெஷினுடையது இல்லை, முகம் தெரியாத அந்த மனிதருடைய விரலுடையது. பெட்டி செய்ததெல்லாம் அதைத் திருத்தாமல் விட்டதுதான்.

யோசித்தால் இது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. இந்த வம்சத்தை வைத்துப் பேர் வாங்கியவர்களில் முதலில் வாயில் வருவது அமெரிக்க ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் பெயர். 2006இல் இறந்துபோனார், அவருடைய எம்பிசி3000 இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் எதற்குப் பேர்போனவர்? திருத்தத்தை அணைத்துவிட்டு வாசித்ததற்கு. அதை வைத்துக்கொண்டே எம்பிசியின் ஸ்விங் அபாரம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அப்படியென்றால் எந்தக் கருவியிலும் வாசிக்கலாமே, இது எதற்கு? இங்கேதான் எனக்கு இந்தப் பெட்டியைப் பிடிக்க ஆரம்பித்தது. பேட்கள் பெரியவை, கொஞ்சம் கடினமானவை, புதுக் கருவிகளில் வருகிற மாதிரி பூப்போலத் தொட்டால் பேசுபவை அல்ல. அடிக்க வேண்டும். பிளே ஸ்டார்ட்டோடு ரெக்கார்டையும் அழுத்திவிட்டால் இரண்டு பாரோ நான்கு பாரோ சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சுற்றில் கிக், அடுத்த சுற்றில் ஸ்னேர், அதற்கடுத்ததில் ஹைஹேட் என்று ஓட்டத்தை நிறுத்தாமல் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகலாம்; ஓர் அடி பிசகிவிட்டதா, எரேஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு அந்த இடம் வரும்போது அந்தப் பேடை அழுத்தினால் அது மட்டும் உதிர்ந்துபோகும். மௌஸ் இல்லை, திரையை உற்றுப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஒரு மணி நேரம் போனதே தெரியாது.

நோட் ரிப்பீட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒரு பேடை அழுத்தினால் பதினாறாம் பாகமோ நீங்கள் வைத்திருக்கிற வேறு எந்த அளவோ, அந்தக் கணக்கில் அடி விழுந்துகொண்டே இருக்கும். விசேஷம் அது இல்லை. பேடை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதற்கேற்ப ஒவ்வோர் அடியின் சத்தமும் ஏறி இறங்கும். ஒற்றை விரலை மெல்ல அழுத்தி, தளர்த்தி, மறுபடி அழுத்தினால் ஹைஹேட் மூச்சு விடுகிற மாதிரி வரும், அதை அப்படியே பதிந்துகொள்ளலாம். கணினியில் இதே விளைவுக்கு ஒவ்வொரு நோட்டின் உயரத்தையும் மௌஸால் இழுத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. இதையும் முதலில் யோசித்தவர் ராஜர் லின்தான், எக்ஸ்எல் அதைக் கெடுக்காமல் வைத்திருக்கிறது.

எக்ஸ்எல் தன் பங்குக்குச் சேர்த்த நல்ல காரியங்களும் உண்டு. ஏ, பி, சி, டி என்று பேட் பேங்குக்குத் தனித் தனிப் பட்டன், ஆக 64 ஒலிகள் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில். டிராக் மியூட்டுக்கும் நெக்ஸ்ட் சீக்வென்ஸுக்கும் தனிப் பட்டன்; சீக்வென்ஸ் என்பது வாசித்துப் பதிந்த அடிகளின் வரிசை. மியூட் திரைக்குப் போய்விட்டால் பேட்களே டிராக்குகளாக மாறிவிடும், தட்டித் தட்டி ஒன்றை அணைத்து ஒன்றைத் திறந்து பாட்டின் ஏற்ற இறக்கத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். 16 லெவல்ஸ் என்கிற பட்டன் ஒரே ஒலியைப் பதினாறு சுருதியில் பேட்கள் மேல் விரித்துக் கொடுக்கும், நான் பேஸ் வாசிப்பதெல்லாம் அதில்தான். திரை எழுந்து நிற்கும், கழுத்து வலிக்காது.

நினைவகத்துக்கு வருவோம். புதிதாக விற்றபோது உள்ளே இருந்தது 2 எம்பி, ரேம் போட்டால் 32 எம்பி வரை போகும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனலில் ஒரு நொடிக்கு 88,200 பைட். கணக்குப் போட்டால் 2 எம்பியில் 24 நொடிகூட முழுசாக வராது, 32 எம்பியில் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஸ்டீரியோ என்றால் பாதி. என்னுடையதில் 32 இருக்கிறது, வந்தபோதே இருந்தது, "எல்லாம்" என்பதில் உண்மையான ஒரு பங்கு அது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுக்கும்போது 33 வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, உள்ளே ஐந்து அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் மேலே சுருதியை இறக்கி வாசிப்பது ஒரு பழைய சிக்கன வழி. கால்வாசி நினைவகம் மிச்சமாகும், உச்ச ஒலிகள் லேசாக மழுங்கும், அந்த மழுக்கத்துக்காகவே இப்போதும் செய்கிறேன்.

இந்தப் பெட்டியின் ஒலியைப் பற்றியும் ஏகப்பட்ட கதைகள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், போட்டது வரும். கொஞ்சம் கெட்டியாக, நடுவில் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது என் காதின் ஆசையாகவும் இருக்கலாம். மண் அப்பிய மாதிரி வேண்டுமென்றால் 12 பிட்டில் சேமிக்கிற எம்பிசி60 பக்கம் போங்கள், அல்லது ஈ-மு எஸ்பி-1200, அது 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே பத்து நொடி. எக்ஸ்எல்லில் அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது, பேஸை உருட்ட அது போதும்.

நறுக்குவது சுமார். ஒரு லூப்பைப் பதினாறு சமத் துண்டு வரை பிரித்துக் கொடுக்கும், சமமாக இல்லாத வாசிப்பு என்றால் ஒவ்வொரு எல்லையையும் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக் காதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுருதி மாறாமல் ஒலியின் நீளத்தை மாற்றுகிற டைம் ஸ்ட்ரெட்ச் இருக்கிறது, நிதானமாக வேலை செய்யும், கொஞ்சம் தள்ளி இழுத்தால் தகர வாடை அடிக்கும். எஃபெக்ட்ஸ் போர்டும் கூடுதல் எட்டு அவுட்டும் தனியாகப் போட வேண்டியவை, என்னுடையதில் இல்லை, எனக்குக் குறையாகவும் தெரியவில்லை.

அடுத்தது சேமிப்பு. மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று, இதில் சலுகையே கிடையாது. தானாகச் சேமிக்கிற வழக்கமும் இல்லை. அதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். சீக்வென்ஸ்களை மொத்தமாக எழுதுவது ஒரு கோப்பு, அதன் பெயர் ஆல். எந்தப் பேடில் எந்த ஒலி என்று வைத்திருக்கிற புரோகிராம்களையும் ஒலிகளையும் மொத்தமாக எழுதுவது இன்னொன்று, ஏபிஎஸ். "ஆல்" என்றால் எல்லாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலையை ஆல் என்று சேமித்துவிட்டு நிம்மதியாக அணைத்தேன். மறுநாள் ஏற்றினேன், சீக்வென்ஸ் ஓடுகிறது, எண்கள் நகர்கின்றன, ஓர் ஒலிகூட இல்லை. மௌனமாக என் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இரண்டையும் எழுதாமல் சுவிட்சைத் தொடுவதே இல்லை.

இனி பழுது. இருபது வருடத்துக்கு மேலான எந்த எம்பிசியை வாங்கினாலும் இந்தப் பட்டியல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். எனக்கு வந்ததில் முன்பக்கப் பட்டன்கள் பாதி இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கேட்டன, சில ஒரே அழுத்தலுக்கு இரண்டு தடவை கேட்டன. உள்ளே இருப்பவை சின்னச் சின்ன டேக்ட் சுவிட்ச்சுகள், தேய்ந்துவிடும், வயசுக்கு வருகிற நோய். பழசைக் கழற்றிப் புதிதாக வைத்து சோல்டர் செய்தேன், இருபத்தி சொச்சம் சுவிட்ச், இரண்டு சனிக்கிழமை போயிற்று. கழற்றுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் கையே வைக்காதீர்கள். பேட்களில் மூன்று செத்துப்போன மாதிரி இருந்தன. ரப்பரை எடுத்துவிட்டு, கீழே இருக்கிற உணரித் தாளுக்கும் ரப்பருக்கும் நடுவில் சின்னச் சதுரமாக இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டியதும் உயிர் வந்தது, இந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். திரையின் பின்னொளி மங்கலாக இருந்தது, இன்னும் மங்கலாகவே இருக்கிறது, மேஜை விளக்கை அதன் பக்கம் திருப்பிவிட்டு வேலை பார்க்கிறேன்.

ஃபிளாப்பி டிரைவ் முதல் மாதமே முனக ஆரம்பித்தது. அதைக் கழற்றிவிட்டு, பென் டிரைவ் செருகுகிற ஃபிளாப்பி எமுலேட்டர் ஒன்றைப் போட்டேன். எம்பிசியைப் பொறுத்தவரை அது இன்னும் ஃபிளாப்பிதான். எத்தனை ஜிபி பென் டிரைவ் போட்டாலும் அதை 1.44 எம்பி துண்டு துண்டாகத்தான் பார்க்கும், ஒரு துண்டில் 16 நொடி ஒலி, அதை ஏற்ற ஒரு நிமிடம் ஆகும். பெரிதாகச் சேமிக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கிற ஸ்கசி என்கிற பழைய இணைப்பு வழியாக எஸ்டி கார்டு போர்டு ஒன்றை மாட்டிக்கொள்ளலாம், அடுத்து அதைத்தான் செய்யப்போகிறேன். அந்த ஒரு நிமிடக் காத்திருப்பு முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

யார் வாங்கலாம் என்றால், முதல் கருவியாக வேண்டாம். கணினியிலோ புதிய பெட்டி ஒன்றிலோ ஏற்கெனவே பீட் செய்து பழகி, கையால் வாசிப்பதில் ருசி கண்டவர்களுக்கு இது நல்ல துணை. ஸ்விங்குக்காக என்றால் வேண்டவே வேண்டாம், உங்கள் மென்பொருளில் 58 என்று அடியுங்கள், அதே ஸ்விங். வாங்குவதாக இருந்தால் நேரில் போய் எல்லாப் பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்தி, எல்லாப் பேடையும் மெதுவாகவும் பலமாகவும் தட்டி, சக்கரத்தைச் சுற்றி எண் முன்னும் பின்னும் குதிக்கிறதா என்று பார்த்து, ஒரு டிஸ்கில் சேமித்து அணைத்து மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய டிரைவைத் தூக்கிப் போடவில்லை, துடைத்து வைத்திருக்கிறேன். அந்தப் பதினாறு டிஸ்கில் பதினொன்றைப் படித்து எமுலேட்டருக்கு மாற்றிவிட்டேன், நான்கு அழிந்தேவிட்டன. பதினாறாவது டிஸ்க் கோப்புகளின் பட்டியலைக் காட்டுகிறது, ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. பட்டியலில் ஒரு ஆல் இருக்கிறது. ஏபிஎஸ் இல்லை.